மார்ஜ் சொன்ன கணக்கு

ஒரு சிறிய திரையிடலுக்குப் பிறகு கேட்ட ஒரு கருத்து நெடுநாளாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. படம், கோயன் சகோதரர்கள் 1996-இல் எடுத்த ‘ஃபார்கோ’. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். உதவி இயக்குநர்களாக இருப்பவர்களும் ஆக விரும்புகிறவர்களும். படம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர்களில் நன்றாகப் படம் பார்க்கத் தெரிந்த ஒருவர், “கடைசியில அந்தப் போலீஸ் அம்மா கார்ல பாடம் எடுக்குறாங்க பாருங்கண்ணா, அந்த ஒரு இடம்தான் ஒட்டல. அதுவரைக்கும் கறாரா போன படம், அங்க நீதிபோதனை வகுப்பாயிடுது” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். அரங்கைக் காலி செய்ய வேண்டிய நேரம் என்பதால் பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. அந்தக் காட்சி ஒட்டாத பகுதி அல்ல, அந்தக் காட்சிக்காகத்தான் மற்ற எல்லாக் காட்சிகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். பேராசையைப் பற்றிய அவல நகைச்சுவைப் படங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. ஆசைப்பட்டவன் அழிவான், நாம் சிரிப்போம் என்பதோடு பெரும்பாலானவை முடிந்துவிடும். ‘ஃபார்கோ’ அங்கே நிற்காமல் இன்னும் ஓரடி எடுத்து வைக்கிறது. அந்த ஓரடிதான் அந்தப் போலீஸ் அதிகாரி மார்ஜ் காரில் பேசும் பேச்சு.

கதையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. மினியாபொலிஸில் மாமனாரின் கார் விற்பனை நிலையத்தில் வேலை செய்யும் ஜெர்ரி லண்டகார்ட், தன் மனைவி ஜீனைக் கடத்த இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறான். மாமனார் கொடுக்கும் பிணைத்தொகையில் தன் கடனை அடைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். படம் முடியும்போது ஏழு பேர் செத்திருக்கிறார்கள். வழக்கை விசாரிப்பவர் பிரெய்னர்ட் என்ற சிறிய ஊரின் காவல்துறைத் தலைவர் மார்ஜ் கண்டர்சன், ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த வேடத்துக்காகத்தான் ஃபிரான்சஸ் மெக்டோர்மண்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சின்னத் தொகைகள்

ஜெர்ரிக்கு எதற்காகப் பணம் தேவைப்படுகிறது என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. முறையான விவரம் இல்லாத வாகனங்களைக் காட்டி நிதி நிறுவனத்திடம் 3 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கடன் வாங்கியிருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது. வரிசை எண்களைப் படிக்க முடியவில்லை என்று ஒருவர் தொலைபேசியில் அவனை விடாமல் துரத்துகிறார். அந்தப் பணம் எங்கே போனது? சூதாட்டமா, தொழில் நட்டமா, வேறொரு பெண்ணா? எதுவும் சொல்லப்படவில்லை. காரணம் தெரிந்திருந்தால் நாம் அவனுக்குக் கொஞ்சம் இரக்கப்பட்டிருப்போம், அல்லது அவனைச் சுலபமாக ஒரு வகைக்குள் அடக்கியிருப்போம். இரண்டுக்கும் வழியில்லாமல், தேவை என்பது உரித்தெடுக்கப்பட்டு, வெறும் தொகை மட்டும் நம் முன் நிற்கிறது.

அதற்குப் பதிலாக, அவன் தன் மேசையில் என்ன செய்கிறான் என்பதைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. புதிய கார் வாங்க வந்திருக்கும் தம்பதியிடம், அவர்கள் வேண்டாமென்று தெளிவாகச் சொல்லியிருந்த துருத்தடுப்புப் பூச்சுக்கு 500 டாலர் சேர்த்துக் கேட்கிறான். அவர்கள் கோபப்பட்டதும், மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று எழுந்து போய், பக்கத்து அறையில் இன்னொரு விற்பனையாளரோடு விளையாட்டுப் போட்டி பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பி வந்து, பெரிய சலுகை வாங்கித் தந்தவனைப் போல 100 டாலர் குறைப்பதாகச் சொல்கிறான். அந்த வாடிக்கையாளர் முகம் சிவந்து, நீ பொய்யன் என்று நேருக்கு நேர் சொல்கிறார். சொல்லிவிட்டுக் காசோலைப் புத்தகத்தைத் தேடுகிறார். இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் மனைவியைக் கடத்தச் சொன்ன மனிதனின் குணம் முழுவதும் இந்த மேசையிலேயே இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கோபம், அவமானம், நேர விரயம் எதுவுமே அவன் கணக்கில் வருவதில்லை. அவர் காசோலையில் கையெழுத்திடுவாரா என்பது மட்டும்தான் வருகிறது.

கடத்த வந்தவர்களில் ஒருவனான கார்ல் ஷோவால்டரும் அப்படித்தான். காரின் எண் தகட்டை மாற்றுவதற்காக விமான நிலைய வாகன நிறுத்தத்துக்குள் போகிறான். உள்ளே போன சில நிமிடங்களில் வெளியே வந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் 4 டாலர் என்கிறார் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர். யார் கண்ணிலும் படக் கூடாத ஒரு வேலைக்காக வந்தவன், அந்த 4 டாலருக்காக அவரோடு சண்டை போட்டு, சீருடையைக் கேலி செய்து, தன் முகத்தை அவர் நினைவில் பதியவைத்துவிட்டுப் போகிறான். பின்னால் இதே கார்ல்தான் பிணைத்தொகைப் பெட்டிக்குள் 10 லட்சம் டாலர் இருப்பதைப் பார்த்து, பங்காளிக்குத் தெரிந்த 80 ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேலியோரப் பனிக்குள் புதைக்கிறான். அதன் பிறகும், திருட்டுக் காரின் மதிப்பில் பாதியைக் கொடு என்று பங்காளி கேட்டபோது கொடுக்க மனமில்லாமல், அதற்காகவே சாகிறான். 9 லட்சத்து 20 ஆயிரம் டாலரை மண்ணுக்கும் பனிக்கும் இடையில் வைத்திருந்தவன் ஒரு காரில் பாதியை விட்டுக்கொடுக்க முடியாமல் செத்தான். பேராசை என்றதும் நாம் பெரிய தொகையைத்தான் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் படத்தில் அது தொகையோடு சேர்ந்து வளர்வதில்லை, 4 டாலரிலும் முழு அளவில் இருக்கிறது.

பாதிக்கு முடிக்கலாமே

மாமனார் வேட் கஸ்டஃப்சன் கெட்டவர் அல்லர். மகள் மேல் பாசம் உள்ளவர். கடைசியில் அவளுக்காகவே துப்பாக்கியோடு போய் உயிரை விடுகிறார். ஆகவேதான் உணவக மேசைக் காட்சி எனக்கு இன்னும் கொடுமையாகப் படுகிறது. வேட், அவருடைய கணக்காளர் ஸ்டான் கிராஸ்மன், ஜெர்ரி மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடத்தல்காரர்கள் 10 லட்சம் கேட்பதாக ஜெர்ரி சொல்கிறான். அவர்கள் அறிந்த தொகையோ 80 ஆயிரம்தான், அதிலும் பாதிதான் அவர்களுக்கு. 10 லட்சம் பெரும்பணமாயிற்றே என்ற கவலையில் வேட் அரை மில்லியன் கொடுத்துப் பார்க்கலாமே என்கிறார். வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்த வாய் அது. மகள் விஷயத்திலும் முதலில் அதுதான் வருகிறது. இது பேரம் பேசும் விஷயமல்ல என்று ஸ்டான் தடுக்க வேண்டியிருக்கிறது.

அதே சந்திப்பில் இன்னொன்றும் நடக்கிறது. ஸ்காட்டி எப்படி இருக்கிறான், சமாளித்துக்கொள்வானா என்று ஸ்டான் கேட்கிறார். ஸ்காட்டி ஜெர்ரியின் மகன், வளரிளம் பையன். ஜெர்ரியின் முகத்தை அந்த நேரத்தில் கவனிக்க வேண்டும். வில்லியம் எச். மேசியின் நடிப்பில் இதைவிடப் பெரிய கணம் எனக்குத் தெரியவில்லை. தனக்கு ஒரு மகன் இருப்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வருகிறது. தாயைத் தொலைக்கப்போகும் பிள்ளை என்ன ஆவான் என்ற கேள்வி, இத்தனை நாள் போட்ட திட்டத்தில் எங்குமே இருந்ததில்லை. பிறகு வீட்டுக்குப் போய், பையனுக்கு ஏதோ ஆறுதல் சொல்கிறான். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று அழும் பையன் முன், அவன் வாயிலிருந்து வருவது கார் வாங்க வந்தவர்களிடம் பேசிய அதே குரல்.

பனியில் ஓடும் பெண்

இனி, அந்தத் திரையிடலில் என்னை உண்மையில் கலங்கவைத்த இடம். ஏரிக்கரைக் குடிசைக்கு ஜீனைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கைகள் கட்டப்பட்டிருக்கின்றன, தலை முழுவதும் துணியால் மூடப்பட்டிருக்கிறது. அவர் திமிறி ஓடுகிறார். எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று தெரியாமல், பனியில் தடுமாறி, திரும்பி, வட்டமடித்து, விழுகிறார். அரங்கில் பலமான சிரிப்பு எழுந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் படம் அதுவரை நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கிறது. கடத்தல் காட்சியிலேயே குளியலறைத் திரையோடு சுருண்டு படியில் உருளும் ஜீனைப் பார்த்து நாம் சிரித்திருப்போம். ஆனால் இந்த இடத்தில் இயக்குநர்கள் திரைக்குள்ளேயே ஒருவனைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கார்ல், பிடிக்கப் போகும் பங்காளியைத் தடுத்து நிறுத்திவிட்டு, அந்தப் பெண் தடுமாறுவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறான். பங்காளி கேயர் கிரிம்ஸ்ருட் எந்த உணர்ச்சியும் இல்லாமல் நிற்கிறான். அந்தக் காட்சியில் நமக்கு இரண்டே இடங்கள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன: கார்லோடு சேர்ந்து சிரிக்கலாம், அல்லது கேயரைப் போல மரத்து நிற்கலாம். மூன்றாவதாக ஒருவரும் அந்தக் கரையில் இல்லை.

மூன்றாவது ஆளுக்கான ஏக்கத்தைப் படம் இங்கேதான் விதைக்கிறது என்று நினைக்கிறேன். கடத்தப்பட்ட பிறகு ஜீனின் முகம் அந்தத் துணிக்குள் மறைந்துவிடுகிறது. அவருக்கு என்ன குற்றம்? காலையில் பின்னல் வேலையோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கணவனுக்கு அவர் ஒரு தொகை; கடத்தியவர்களுக்கு ஒரு சுமை; சிறிது நேரம் நமக்கே ஒரு வேடிக்கை. காயத்தோடு பணத்தைக் கொண்டுவரும் கார்ல், தரையில் கிடக்கும் உடலைப் பார்த்து இவளுக்கு என்ன ஆனது என்று கேட்கிறான். கத்த ஆரம்பித்துவிட்டாள் என்கிறான் கேயர், சாப்பாட்டிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் கவனம் திரும்பாமல். அவ்வளவுதான் இரங்கல். அடுத்த நொடி பணம் பங்கு பிரிக்கப்படுகிறது.

காருக்குள்

மார்ஜ் வெகுளி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவருடைய இழுத்துப் பேசும் மினசோட்டாப் பேச்சும், ஓயாத சாப்பாடும் அப்படி எண்ணவைக்கலாம். நெடுஞ்சாலையில் மூன்று பேர் சுடப்பட்டுக் கிடக்கும் காலையில், அடிச்சுவடுகளைப் பார்த்தே நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுபவர் அவர். அதைவிட முக்கியமாக, செத்துக்கிடக்கும் காவலரைப் பார்த்து, நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், பாவம் என்கிறார். துப்பறிவதற்கு அந்த வாக்கியம் தேவையில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் சாவுக்கு முன் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் அவரால் வேலையைத் தொடர முடிகிறது.

பள்ளித் தோழன் மைக் யானகிடாவோடு நடக்கும் சந்திப்பு எதற்கு என்று அன்றும் சிலர் கேட்டார்கள். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லி அழுதவன், அந்தப் பெண்ணை மணந்ததே இல்லை, அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பதை மார்ஜ் பிறகு தெரிந்துகொள்கிறார். நம்பத்தகுந்த முகத்தோடு ஒருவர் முழுப் பொய் சொல்ல முடியும் என்று உறைத்ததும், அவர் மறுபடி ஜெர்ரியின் அலுவலகத்துக்குப் போகிறார். வண்டிகளை நேரில் எண்ணிப் பார்த்துத்தான் ஒன்றும் காணாமற்போகவில்லை என்கிறீர்களா என்று கேட்கிறார். ஜெர்ரி எரிச்சலோடு, இப்போதே எண்ணிவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போகிறான். படம் முழுவதும் தொகைகளை அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் முதன்முதலாக ஒருவர் நேர்மையான எண்ணிக்கை கேட்கிறார். அந்தக் கேள்விக்கு முன் அவனால் நிற்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் காருக்குள் நடப்பதைக் கேட்க வேண்டும். உறைந்த ஏரியின் மேல் ஓடிய கேயரைக் காலில் சுட்டுப் பிடித்து, பின்னிருக்கைக் கம்பித்தடுப்புக்குள் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகிறார் மார்ஜ். வெளியே வானமும் தரையும் பிரித்தறிய முடியாத ஒரே வெள்ளை. அவர் எடுத்த எடுப்பில் அறம் பேசுவதில்லை. எண்ண ஆரம்பிக்கிறார். உள்ளே தரையில் கிடந்தது திருமதி லண்டகார்ட், இல்லையா. மரம் அரைக்கும் இயந்திரத்தில் இருந்தது உன் கூட்டாளி என்று நினைக்கிறேன். பிரெய்னர்டில் அந்த மூன்று பேர். ஒவ்வொருவரையும் அவர்கள் கிடந்த இடத்தோடு சேர்த்துச் சொல்கிறார். இத்தனை நேரம் துணிக்குள் முகமற்றுக் கிடந்த பெண்ணுக்கு ஒரு பெயர் திரும்பக் கிடைக்கிறது. அதைக் கொடுப்பவர் அவரை உயிரோடு பார்த்தே இராதவர். இரண்டாவதாக அவர் எண்ணுவது கார்லை, அதாவது கொலைகாரனை. அவனையும் விட்டுவிடுவதில்லை. அதன் பிறகுதான், எல்லாம் எதற்காக, கொஞ்சம் பணத்துக்காக என்று வருகிறது. பணத்தைவிட வாழ்க்கையில் வேறு விஷயங்கள் இருக்கின்றன என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறார். இன்று எவ்வளவு அழகான நாள் என்கிறார். எனக்குப் புரியவில்லை என்று முடிக்கிறார்.

நீதிபோதனை செய்பவர், தனக்குப் புரிந்துவிட்டது என்ற இடத்திலிருந்து பேசுவார். மார்ஜ் புரியவில்லை என்று சொல்கிறார். அது உத்திக்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. மெக்டோர்மண்டின் குரலில் அங்கே கண்டிப்பு இல்லை, பெரும் களைப்பும் உண்மையான குழப்பமும்தான் இருக்கின்றன. கேயர் பதில் சொல்வதில்லை. கம்பிகளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறான். தன் பேச்சு அவனை மாற்றும் என்று மார்ஜுக்கு எந்த நம்பிக்கையும் இல்லை. பிறகு ஏன் பேச வேண்டும்? செத்தவர்களை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதனால்தான். அதுவரை படத்தில் எல்லோரும் 3 லட்சத்து 20 ஆயிரம், 40 ஆயிரம், 80 ஆயிரம், 10 லட்சம், அரை மில்லியன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செத்தவர்களை அவர்களுக்காகவே எண்ணிச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ரத்தம் சிந்தப்பட்டுவிட்டது, பிரெய்னர்டில் மூன்று பேர் என்று கார்ல் ஒருமுறை தொலைபேசியில் சொல்கிறான். அதுவும் தன் பங்கை 80 ஆயிரமாக உயர்த்தும் வாதமாகத்தான்.

இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெல்லின் முகப்பிசை ‘காணாமற்போன ஆடு’ என்ற பெயருள்ள ஒரு பழைய நார்வே மெட்டிலிருந்து எடுக்கப்பட்டது. நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, குறைந்த ஒன்றைத் தேடிப் போகும் மேய்ப்பனின் உவமையைச் சொல்லும் பெயர் அது. அந்த மெட்டை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது இருக்கட்டும். இந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது. எண்ணிப் பார்ப்பதில் ஓர் அன்பு இருக்க முடியும் என்பதைத்தான் மார்ஜ் காரில் செய்து காட்டுகிறார்.

படத்தின் தொடக்கத்தில், இது 1987-இல் மினசோட்டாவில் நடந்த உண்மைக் கதை, உயிர்பிழைத்தவர்களின் வேண்டுகோளின்படி பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, இறந்தவர்களுக்கு மரியாதை செய்யும் வகையில் மற்றவை நடந்தபடியே சொல்லப்படுகின்றன என்று ஓர் அறிவிப்பு வரும். அது உண்மையல்ல, கதை கற்பனைதான் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. இறந்தவர்களுக்கு மரியாதை என்ற சொற்களை முதல் நிமிடத்தில் எழுதிவிட்டு, அந்த மரியாதையை ஒரே ஒரு பாத்திரத்திடம் மட்டும் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மார்ஜின் பேச்சை வெட்டிவிட்டால் படம் இன்னும் கறாராகும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கறார் கேயருடைய கறாராக இருக்கும். அவன் எதையும் சொல்வதில்லை, எதற்கும் அசைவதில்லை. அப்படி ஒரு படத்தை எடுப்பது கடினமான காரியமும் இல்லை.

பிறகு வரும் படுக்கையறைக் காட்சியைப் பற்றி ஒரு செய்தி மட்டும். மார்ஜின் கணவர் நார்ம் வரைந்த வாத்து 3 சென்ட் தபால்தலைக்குத் தேர்வாகியிருக்கிறது. சக ஓவியருக்கு 29 சென்ட் தலை கிடைத்துவிட்டதே என்று அவருக்கு வருத்தம். தபால் கட்டணம் உயரும்போது பழைய தலையோடு சேர்த்து ஒட்டச் சின்னத் தலைதானே வேண்டும் என்கிறார் மார்ஜ். மனைவி கணவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்றே இதை எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது அப்படியே நடைமுறை உண்மையும்கூட. அமெரிக்காவில் 1988 ஏப்ரலில் கடிதக் கட்டணம் 22 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டுக்கு உயர்ந்தது. பழைய தலைகளை வைத்திருந்தவர்களுக்குச் சரியாக 3 சென்ட் தேவைப்பட்டது. 4 டாலருக்குச் சண்டை போட்டவனும் 3 சென்ட்டுக்கு மகிழ்கிறவரும் ஒரே படத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் படத்தின் மேல் ஒரு குறை உண்டு. அது வேறிடத்தில் இருக்கிறது. மார்ஜ் சொல்லும் கணக்கு முழுமையானதல்ல. அதில் ஐந்து பேர்தான் வருகிறார்கள். வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் சுடப்பட்ட வேட் வருவதில்லை. அவரைக் கொன்றுவிட்டு வெளியேறும்போது கார்ல் கொன்ற கட்டண ஊழியரும் வருவதில்லை. அந்த ஊழியரின் பெயரைப் படமும் நமக்குச் சொல்வதில்லை. பிஸ்மார்க் அருகே ஒரு விடுதியில், சன்னல் வழியாகத் தப்ப முயன்று அலறும் ஜெர்ரியைப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். அவன் அம்மா இறந்துவிட்டாள், தாத்தா இறந்துவிட்டார், இரண்டு சாவுக்கும் காரணமான அப்பா கைதாகிவிட்டான். இந்தச் செய்தியை அவனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? உணவகச் சந்திப்பில் ஸ்காட்டியைப் பற்றிக் கேட்ட ஒரே மனிதர் ஸ்டான் கிராஸ்மன்தான். பிறகு அவரும் படத்திலிருந்து காணாமற்போய்விடுகிறார். பையன் அழுததைக் காட்டிய படம், அப்பா கைதான பிறகு அவனை ஒரே ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.